சீம்பாலை அளக்க ஒரு கைக்கருவி: பிரிக்ஸ் ரிஃப்ராக்டோமீட்டர்

மஞ்சளாகவும் கெட்டியாகவும் இருப்பதெல்லாம் நல்ல சீம்பால் ஆகிவிடாது என்பதை ஆடு வளர்ப்போர் அறிவர். அந்த ஐயத்தைத் தீர்க்க உதவுவது, ஒரு சொட்டில் ஒளி வளையும் அளவைக் கொண்டு அதிலுள்ள திடப்பொருளைக் கணிக்கும் கையடக்கமான பிரிக்ஸ் ரிஃப்ராக்டோமீட்டர். அதன் கண்ணாடிப் பட்டகத்தில் இரண்டு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு நிற்கும் எண்ணே பிரிக்ஸ் அளவு (திடப்பொருளின் விழுக்காடு). வெள்ளாட்டின் முதல் கறவையில் அது 20-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் தரமான சீம்பால் எனக் கொள்ளலாம். பசுவுக்கு 22 என்பது வழக்கமான வரம்பு.

அடுத்தடுத்த கறவைகளில் அந்தக் கோடு இறங்குவதைக் காண்பதும் இக்கருவி தரும் பயன். தாயின் இரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் புரதங்கள் மடியில் சேர்வது ஈனுவதற்கு முந்தைய வாரங்களில்தான். ஈன்றதும் அந்த வரத்து ஓய்ந்து, லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை பெருகி, அது நீரை இழுக்க, பாலின் அளவு கூடி, எஞ்சிய புரதம் நீர்த்துவிடுகிறது. முதல் நாளிலேயே பெரும் சரிவு ஏற்பட்டு, நான்கைந்து நாட்களில் ஏறக்குறைய சாதாரணப் பாலாகிறது. குட்டியின் குடலும் அப்புரதங்களை முழுதாக உட்கொள்ளும் திறனை 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இழந்துவிடுவதால், குட்டிக்குக் கொடுப்பதற்காக அளக்க வேண்டியது முதல் கறவையைத்தான்.

குறைகளும் உண்டு. கொழுப்பினால் கோடு மங்கித் தெரிகிறது. எண்ணை நிச்சயமாகப் படிக்கக் கண் பழக வேண்டும். வெப்பநிலையைத் தானே ஈடுசெய்யும் வகையிலும், சூடான சொட்டு பட்டகத்தில் அரை நிமிடமாவது ஆற வேண்டியிருக்கிறது. வெந்நீரால் கழுவினால் புரதம் ஒட்டிக்கொள்ளும்; வெதுவெதுப்பான நீரே போதும்.

இது அளப்பது மொத்தத் திடப்பொருளையே தவிர, எதிர்ப்புப் புரதத்தை நேராக அல்ல. எனவே இரண்டாம் நாளுக்குப் பின் இதன் எண்ணை நம்பிப் பாலைப் பொதுப்பாலில் சேர்ப்பது சரியன்று. ஒரு கரண்டிப் பாலைக் காய்ச்சினால் திரள்கிறதா என்று பார்ப்பது அந்தக் கட்டத்தில் இதைவிடத் தெளிவான சோதனை; திரண்டால் அது இன்னும் சீம்பால்தான். டிஜிட்டல் வகையில் மங்கல் தொல்லை இல்லையென்றாலும், மின்கலம் வேண்டாத இந்தக் கண்ணாடி வகைக்கே என் வாக்கு. இரவில் ஈன்றாலும் ஒரு டார்ச் வெளிச்சம் போதுமானது.