முழு நீள டையா, கழுத்து டையா? .308 உறைகளை மறுநிரப்புவோருக்கு ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளுடன் (போல்ட்டைக் கையால் இயக்கித் தோட்டாவை ஏற்றும் ரைஃபிள்) இலக்குப் பயிற்சி செய்பவர்களில் பலர், சுட்ட தோட்டாக்களின் பித்தளை உறைகளைச் சேகரித்து, புதிய வெடிமருந்தும் குண்டும் இட்டு வீட்டிலேயே மறுநிரப்புகிறார்கள். சுடும்போது விரிந்த உறையை மீண்டும் அளவுக்குக் கொண்டுவரும் எஃகு அச்சுகளான டைகளில் முதன்மையானவை இரண்டு: உறையின் கழுத்தை மட்டும் இறுக்கும் கழுத்து டை, உடல், தோள் (உடல் கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு), கழுத்து மூன்றையும் இறுக்கும் முழு நீள டை. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு, நான் முழு நீள டையிலேயே நிலைத்துவிட்டேன்.

கழுத்து டைக்குச் சாதகமான வாதம் எளிமையானது. ஒருமுறை சுடப்பட்ட உறை அந்த ரைஃபிளின் அறைக்கு (சுடும்போது தோட்டா அமரும் இடம்) ஏற்ற வடிவத்தைப் பெற்றிருக்கும். அதைக் கலைக்காமல் குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் இறுக்கினால் பித்தளையும் குறைவாகவே நசுங்கும். லீ நிறுவனத்தின் காலட் டை என்னும் கழுத்து டைக்கு மசகுகூடத் தேவையில்லை, விலையும் குறைவு. ஆனால் நான்கைந்து முறை சுட்டபின் உடலும் தோளும் அறைச் சுவரை நெருங்கிவிடுவதால், போல்ட்டை மூடும்போது கைப்பிடி இறுகத் தொடங்குகிறது. சில உறைகள் வழுக்கிக்கொண்டு போகும், சில அழுத்தினால்தான் போகும். ஒவ்வொரு முறையும் வேறுவேறு விசையில் போல்ட்டை மூடிக்கொண்டு இலக்கில் குண்டுகள் நெருக்கமாக விழும் சீரான குழுவை எதிர்பார்ப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. கடைசியில் எப்படியும் முழு நீள டையைத்தான் தேட வேண்டியிருக்கும்.

முழு நீள டையின் மீதுள்ள பழைய குற்றச்சாட்டு, அது உறையின் ஆயுளைக் குறைக்கிறது என்பது. இது டையின் குறையல்ல, அதைப் பொருத்தும் முறையின் குறை. உறையின் அடியைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை டையை இறக்கி, மேலும் கால் சுற்று திருகும்படி பல டைகளின் கையேடுகள் சொல்கின்றன. தொழிற்சாலையில் தயாரான எந்த ரைஃபிளின் அறையிலும் தோட்டா நுழைய வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படும் இந்த அமைப்பு, பல ரைஃபிள்களில் தோளைத் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. அடுத்த முறை சுடும்போது உறை அந்த இடைவெளியை நிரப்ப நீள்கிறது. அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, உட்புறம் ஒரு வளையப் பள்ளம் விழுகிறது. நுனி வளைத்த பேப்பர் கிளிப்பை உள்ளே விட்டு இழுத்தால் அந்த இடத்தில் தட்டுப்படும். அப்படிப்பட்ட உறையை மறுபடி சுடக் கூடாது, அடிப்பகுதி பிரிந்துவிடும்.

ஆகவே முடிவைத் தீர்மானிப்பது தோள் எவ்வளவு தள்ளப்படுகிறது என்பதுதான். போல்ட் ஆக்‌ஷனுக்கு 0.001 முதல் 0.002 அங்குலம் போதும். சுட்ட உறையின் அடியில் உள்ள, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை முதலில் நீக்கிவிட்டு (துருத்திய பிரைமர் அளவைக் கெடுக்கும்) கேலிப்பரில் கம்பேரட்டர் என்னும் துணைக்கருவியைப் பொருத்தி, உறையின் அடியிலிருந்து தோள் வரையுள்ள நீளத்தை அளக்க வேண்டும். பிறகு டையைச் சிறிது சிறிதாக இறக்கி, அதே உறையை மீண்டும் அளக்க வேண்டும். இதில் புதியவர்களைக் குழப்பும் ஒரு கட்டம் உண்டு. டையின் தோள் உறையின் தோளைத் தொடுவதற்கு முன் உடல் இறுக்கப்படுவதால், தோள் முதலில் முன்னே நகர்ந்து அளவு கூடும். போல்ட் முன்பைவிட இறுகும். பதற்றப்படாமல் மேலும் இறக்கினால் அளவு குறையத் தொடங்கும். வழக்கமான டையில் அங்குலத்துக்கு 14 புரிகள் இருப்பதால் 0.002 அங்குலம் என்பது ஏறத்தாழ 10 பாகைத் திருப்பம், அதாவது கடிகாரத்தின் நிமிட முள் இரண்டு நிமிடத்தில் நகர்வதைவிடக் குறைவு. டையின் பூட்டு வளையத்தை இறுக்கும்போதே இந்த அளவு கலைந்துவிடக்கூடும். இறுக்கிய பிறகு இன்னொருமுறை அளப்பது நல்லது.

கழுத்தைப் பொறுத்தவரை, சாதாரண முழு நீள டை அதைத் தேவைக்கு மேல் இறுக்கிவிட்டு, வெளியே வரும்போது விரிப்புக் குமிழால் மீண்டும் விரிக்கிறது. அந்த இழுப்பில் கழுத்து மையத்திலிருந்து விலகக்கூடும். ரெட்டிங் நிறுவனத்தின் எஸ் வகை டையில் கழுத்தை இறுக்கும் வளையங்களான புஷ்ஷிங்குகளை, 0.001 அங்குல வேறுபாட்டில் கிடைப்பவற்றிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். நிரப்பிய தோட்டாவின் கழுத்து 0.336 அங்குலம் இருந்தால் 0.334 புஷ்ஷிங்கில் தொடங்குவேன். செலவு கூடுதல்தான், புஷ்ஷிங் தனியாக வாங்க வேண்டும்.

மசகு பூசும் வேலையிலிருந்து முழு நீள டையில் தப்ப முடியாது. குறைந்தால் உறை டைக்குள் மாட்டிக்கொள்ளும், தோளில் மிகுந்தால் பள்ளம் விழும்.

சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஆட்டோ ரைஃபிளில் எனக்கு அனுபவம் குறைவு. அதில் தோள் 0.003 முதல் 0.005 அங்குலம் வரை தள்ளப்பட வேண்டும் என்பதே பொதுவான வழக்கம். கழுத்து டைக்கு அங்கே இடமில்லை. மிதமான வெடிமருந்து அளவுடன் ஒரே போல்ட் ரைஃபிளில் சுடுபவர் காலட் டையை வாங்கினால் தடுக்க மாட்டேன். ஆனால் கூடவே உடலையும் தோளையும் மட்டும் இறுக்கும் பாடி டை ஒன்றையும் வாங்கிக்கொள்ளச் சொல்வேன்.