தம்பியோடு பன்னிரண்டு நாள்: ஒரு மருத்துவமனையைப் பற்றி

என் தம்பிக்கு நாற்பத்தாறு வயது. மனச்சிதைவு நோய்க்காகப் பதினான்கு ஆண்டுகளாகக் குளோசபின் சாப்பிடுகிறான். சென்ற மாதம் நிமோனியா வந்து ஒரு பெரிய மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் பன்னிரண்டு நாள் இருந்தான். இரவும் பகலும் உடனிருந்தவள் நான். மனநோய் உள்ளவரை உடல் நோய்க்காக அங்கே சேர்க்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அவசரப் பிரிவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எக்ஸ்ரே, ஆக்சிஜன், முதல் ஊசி எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தன.

வார்டுக்கு வந்த மூன்றாம் நாள் தொல்லை தொடங்கியது. தம்பி தூங்கித் தூங்கி விழுந்தான். வாயில் எச்சில் ஒழுகித் தலையணை நனைந்தது. மாலையானதும் சுவரில் பூச்சி ஊர்கிறது என்றான், என்னைப் பார்த்து யார் என்று கேட்டான். பணியில் இருந்த மருத்துவரிடம் ஓடினேன். கோப்பைப் புரட்டிவிட்டு, "அவருக்குத்தான் ஏற்கெனவே மனநோய் இருக்கிறதே அம்மா" என்றார். அந்தப் பதிலை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. தம்பியின் நோய் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அவனுக்குக் குரல்கள் கேட்கும். ஆனால் இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் இல்லாததைக் கண்ணால் கண்டதில்லை, கிழமை மறந்ததில்லை, அக்காவை மறந்ததில்லை. காலையில் தெளிவு, மாலையில் மயக்கம் என்று மாறிமாறி வருவது அவனுடைய பழைய நோய் இல்லை என்று இரண்டு நாள் சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

இன்னொன்று. "வயிற்றுக்குள் ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அதைப் பிரமை என்று கோப்பில் குறித்துவிட்டார்கள்.

நான்காம் நாள் இரவுப் பணிக்கு வந்த செவிலியர் முதல் வேலையாக என்னிடம், "வீட்டில் இவர் எப்படி இருப்பார்?" என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். பிறகு தம்பியிடம், "அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான், காட்டுங்கள்" என்றார். அவன் காட்டிய இடத்தை மெதுவாக அழுத்தினார். வயிறு கல்லாக இருந்தது. சேர்த்த நாளிலிருந்து மலம் கழியவில்லை. குளோசபின் குடலின் அசைவை மந்தமாக்கும், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதை அவர் அறிந்திருந்தார். அன்றிரவே மருத்துவரை வரவழைத்தார். படம் எடுத்துக் குடலில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகு எனிமா கொடுத்தார்கள். விடியும்போது தம்பி, "எழுந்து போய்விட்டான்" என்றான். நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை, அந்தச் செவிலியர் எழுதியதைப் படித்துவிட்டு மனநல மருத்துவர் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்?" என்பது. இருபது என்றேன். வார்டில் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை என்று பெருமையாகவும் சொன்னேன். விஷயமே அதில்தான் இருந்தது. சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டி, குளோசபினை வேகமாகக் கரைக்கவைக்கும். புகை நின்றால் அதே மாத்திரை இரத்தத்தில் தேங்கும். நிகோட்டின் பட்டை ஒட்டினாலும் இதற்குப் பயன் இல்லை, ஏனென்றால் அந்த வேலையைச் செய்வது புகை, நிகோட்டின் அன்று. போதாக்குறைக்கு நிமோனியா போன்ற தொற்றும் மருந்தின் அளவை ஏற்றும். தம்பிக்கு இரண்டும் சேர்ந்துகொண்டன. இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க அனுப்பிவிட்டு, முடிவு வரும்வரை காத்திராமல் 350 மில்லிகிராமை 250 ஆகக் குறைத்தார். முழுவதும் நிறுத்தவில்லை. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்றார். வெள்ளணுக்களையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார். இந்த மருந்து அவற்றைக் குறைக்கக்கூடும், 1975-இல் பின்லாந்தில் நேர்ந்த மரணங்களுக்குப் பிறகு பல நாடுகளில் இதன் பயன்பாடே நின்றுபோயிருந்தது என்று பொறுமையாக விளக்கினார். மூன்று நாளில் தம்பி என்னைப் பெயர் சொல்லி அழைத்தான்.

குறைகள் இன்னும் உண்டு. உடனிருப்பவருக்குச் சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி இல்லை. இரண்டு உதவியாளர்கள் தம்பியின் காதுபடவே அவனைப் பைத்தியம் என்றார்கள். புகார் கொடுத்தேன், மேற்பார்வையாளர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார், அதை மதிக்கிறேன். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் பழைய 350-ஐயே அச்சடித்திருந்தார்கள். படித்துப் பார்க்காமல் வந்திருந்தால் வீட்டில் என் கையாலேயே அந்த அளவைக் கொடுத்திருப்பேன்.

மறுபடி அங்கே போவேனா? போவேன். ஆனால் வெறுங்கையோடு போகமாட்டேன். ஒரு தாள் தயாராக வைத்திருக்கிறேன்: மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம், சிகரெட் எண்ணிக்கை, கடைசியாக மலம் கழித்த நாள், நலமாக இருக்கும்போது அவன் எப்படிப் பேசுவான், எது அவனுடைய வழக்கமான அறிகுறி, எது புதிது. சேர்க்கும்போதே அதைக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். மனநல மருத்துவரை முதல் நாளே அழைக்கச் சொல்லிக் கேளுங்கள், நாங்கள் ஐந்தாம் நாள்வரை காத்திருந்தோம்.

தம்பி இப்போது புகை பிடிப்பதில்லை. மறுபடி தொடங்கினால் ஒளிக்காமல் என்னிடம் சொல்ல வேண்டும், மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். சரி அக்கா என்றிருக்கிறான்.