காசோலை கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள்: 46,000 ரூபாய் போன கதை

நாற்பத்தாறாயிரம் ரூபாய். இன்று காலை பதினொரு மணிக்கு அம்மாபேட்டை வங்கிக் கிளையில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த அம்மா காசோலையை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், கண்ணாடிக்கு அடியில் அதைத் திருப்பித் தள்ளினார். "ஏப்ரல் 10 தேதி போட்டிருக்கிறது. மூன்று மாதம் தாண்டிவிட்டதே பாப்பா, இனி இது செல்லாது." இன்று ஜூலை 20. பத்து நாள் தாமதம்.

லோகோ, லேபிள், பாக்கெட் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். அலுவலகம் கிடையாது, தறிச் சத்தத்துக்கு நடுவே வீட்டில் ஒரு மேசை. என்னைப் போலத் தனியாகத் தொழில் செய்பவர்கள் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று பொறுமையாக, விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறுமை வரவில்லை. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆள் யார் என்று கேட்காதீர்கள். சேர்வராயன் மலையில் காபித்தூள், மிளகு, தேன் விற்கும் கடைக்காரர், அவ்வளவுதான் சொல்வேன். மார்ச் முதல் வாரம் கூப்பிட்டார். ஒரு லோகோ, ஏழு பாக்கெட்டுகள். பேசி முடித்த தொகை 52,000. பாதியை முன்பணமாகக் கேட்பதுதான் என் வழக்கம். அன்றும் கேட்கத்தான் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஸ்கூட்டரில் ஏறிப் போனேன்.

கேட்டேன். அவர் மறுக்கவில்லை. அதுதான் விஷயமே. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "போன வருடம் ஒரு பையனிடம் முப்பதாயிரம் முன்பணம் கொடுத்தேன் கண்ணு, ஒரு படம்கூட வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அதிலிருந்து பயம். உன்னைச் சொல்லவில்லை" என்றார். உன்னைச் சொல்லவில்லை! அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். பணம் கேட்க வந்தவள், நான் அந்தப் பையனைப் போன்றவள் இல்லை என்று நிரூபிக்கிறவளாக மாறிவிட்டேன். "இப்போதைக்கு ஆறாயிரம் போதும் அண்ணா" என்று என் வாயே சொன்னது. அப்படி ஒரு பையன் இருந்தானா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

இன்னொன்றும் நடந்தது. அவருடைய பழைய பாக்கெட்டில் 'சுத்தமான காபி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே சிக்கரி கலந்த தூள். காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டின் மேல் அச்சிட வேண்டும், அது சட்டம் என்று சொன்னேன். உடனே மனைவியைக் கூப்பிட்டு, "பார், இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது" என்றார். அந்த அக்கா கிளம்பும்போது அரைக் கிலோ மிளகைப் பையில் திணித்தார். எங்கள் வீட்டு ரசத்தில் இன்றும் அந்த மிளகுதான்.

வேலை ஐந்து வாரம் ஓடியது. பதினோரு முறை திருத்தம். இலை இன்னும் கொஞ்சம் உயிரோடு இருக்க வேண்டுமாம். செய்தேன். ஏப்ரல் 10ஆம் தேதி அவரே சேலத்துக்கு இறங்கி வந்தார், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார், 46,000 ரூபாய்க்குக் காசோலை எழுதினார். அப்பா எதிரிலேயே எழுதினார். "அச்சகத்தில் காத்திருக்கிறார்கள், கோரல் ஃபைலைக் கொடுத்துவிடு கண்ணு." அச்சுக்குப் போகும் அந்த மூலக் கோப்புகளை, ஏழு பாக்கெட்டுகளுக்கும், பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணை அவர் அதுவரை தரவில்லை, அந்த இடத்தில் பதினான்கு பூஜ்யம் போட்டு வைத்திருந்தேன். "எண்ணைச் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்" என்றேன். தலையை ஆட்டினார்.

படி இறங்கும்போதுதான் சொன்னார்: "காசோலையை உடனே வங்கியில் போட்டுவிடாதே. கணக்கில் பணம் குறைவாக இருக்கிறது, திரும்பி வந்தால் உனக்குத்தான் அலைச்சல். கோடை விழா முடியட்டும், நானே சொல்கிறேன்."

எவ்வளவு அக்கறை!

மே மாதம் ஏற்காட்டில் கோடை விழாக் கூட்டம், "மூச்சுவிட நேரமில்லை கண்ணு." விழா முடிந்து கேட்டேன். "வசூல் எல்லாம் சரக்குக்குப் போய்விட்டது." ஜூன் முதல் வாரம் அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மூன்றாம் வாரம் ஆடிட்டர் ஊரில் இல்லை. ஆடிட்டருக்கும் என் காசோலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றவில்லை. ஜூலை தொடக்கத்தில் "பத்து நாள், சத்தியமாகப் பத்தே நாள்" என்றார். பத்து என்று ஏன் சொன்னார் என்பது இன்று புரிகிறது. நான்கு நாட்களுக்கு முன் கூப்பிட்டால், "நாளைக்கு ஆடி பிறக்கிறது, ஆடியில் பெரிய தொகையைக் கையைவிட்டு வெளியே விடுவதில்லை" என்றார். நேற்று மாலையிலிருந்து எடுக்கவே இல்லை.

தோழியின் அக்கா வழக்கறிஞர். மதியம் அவரிடம் அழாத குறையாகச் சொன்னேன். "திரும்பி வந்தால் வரட்டும் என்று போட்டிருக்க வேண்டும்" என்றார் அவர். பணமில்லாமல் திரும்பினால், வங்கி அதைத் தெரிவித்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களில் பணம் தராவிட்டால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவில் வழக்குப் போடலாம், சிறைத் தண்டனை வரை போகும். போடாமலே காலாவதியான காசோலைக்கு அந்தப் பிரிவு உதவாது. திரும்பி வந்துவிடுமே என்று கடைக்காரர் பயந்தது எனக்காக இல்லை. இனி உரிமையியல் நீதிமன்றம்தான். மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், நடையாய் நடக்க வேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். போவேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், முடியவில்லை. சுருக்கமாக: பாதி முன்பணம் வராமல் மவுஸைத் தொடாதீர்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகே மூலக் கோப்பு. அதுவரை 'மாதிரி' என்று குறுக்கே எழுதிய படம் மட்டும். காசோலை வாங்கினால் மறுநாளே போடுங்கள், யார் என்ன சொன்னாலும். எத்தனை திருத்தம் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே செய்துவைத்தால் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டம் உங்கள் பக்கம் இருக்கும். நான் செய்து வைக்கவில்லை. என் அப்பா, சேலையைக் கொடுத்தால் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டுதான் முதலாளி வீட்டுப் படியை விட்டு இறங்குவார். அவர் மகள் நான்.

சாயங்காலம் பழைய பஸ் நிலையம் பக்கம் ஒரு மளிகைக் கடையில் பாக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது. என் இலை, என் எழுத்து, நான் சொல்லிப் போட்ட 'காபி 80 சதவீதம், சிக்கரி 20 சதவீதம்'. பின்பக்கம் கீழே உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். அடியில் பதினான்கு பூஜ்யம், வரிசையாக.

வழக்குக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று வாங்கிவிட்டேன். கால் கிலோ, 220 ரூபாய். ஆக 46,220.