கார்டீனியா கேட்டேன், நந்தியாவட்டை கொடுத்தார்கள்

தாம்பரத்தைத் தாண்டி இருக்கும் ஒரு நர்சரியில் சென்ற வருடம் ஆனி மாதம் 180 ரூபாய்க்கு கார்டீனியா என்ற வாசனைப் பூச்செடி ஒன்று வாங்கினேன். நர்சரியின் பெயர் வேண்டாம். செடிகளை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்றில்கூட மாவுப்பூச்சி இல்லை. ஒரே மாதத்தில் என் செடி அடுக்கடுக்காக வெள்ளையாய்ப் பூத்தது. நான் பெருமையோடு நின்றுகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "நந்தியாவட்டை இரண்டு பறித்துக்கொள்ளட்டுமா, சிவனுக்கு?" என்று கேட்டார்.

ஓர் இலையைக் கிள்ளினேன். பால் வடிந்தது. நந்தியாவட்டை அரளியின் குடும்பம், அதனால் பால் வரும். கார்டீனியாவோ காப்பிச் செடியின் உறவு. கிள்ளினால் பால் வராது. எதிரெதிர் இலைக்காம்புகளுக்கு நடுவே தண்டைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்றும் இருக்கும். மலர்ந்த பூ ஓரிரு நாளில் வெண்ணெய் நிறத்துக்கு மாறும். நந்தியாவட்டை அப்படி மாறாது, வாடிப் பழுப்பேறி உதிர்ந்துவிடும்.

நர்சரிக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "இரண்டும் ஒன்றுதான் சார், இது இங்கிலீஷ் பெயர்" என்றார் கல்லாவில் இருந்தவர். மாற்றித் தரவில்லை. இலவசமாக ஒரு செம்பருத்திப் பதியன் நீட்டினார். வாங்கிக்கொண்டேன், அது வேறு விஷயம்.

அசல் கார்டீனியா ஐப்பசியில் ஏற்காட்டில் கிடைத்தது, 250 ரூபாய். இந்த முறை கீழே கிடந்த இலையை முதலில் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுத்தேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. எங்கள் போர் தண்ணீரின் காரத்தன்மைதான் காரணம். அமில மண் கேட்கும் செடி இது. காரத்தன்மை ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. மாடியில் பிடித்த மழைநீரை மட்டும் ஊற்றினேன், இரும்புச்சத்துக் கரைசலையும் சேர்த்தேன். காலை வெயில் படுகிற, மதியம் நிழல் விழுகிற சமையலறை ஜன்னலடிக்கு மாற்றினேன். பங்குனியில் நான்கு மொட்டு வைத்தது. தண்ணீர் ஊற்ற மறந்த இரண்டு நாளில் மூன்று உதிர்ந்தன. மிச்சமிருந்த ஒன்று மலர்ந்த அன்று டிகாக்‌ஷன் வாசனையே எடுபடவில்லை.

180 ரூபாய் நந்தியாவட்டை இப்போது என் தோளுக்கு நிற்கிறது. அக்கா தினமும் கூடையோடு வருகிறார். கார்டீனியா பக்கம் மட்டும் கை போகாமல் பார்த்துக்கொள்கிறேன்.