லாங்மேன் ஆன்லைன் அகராதி: 'புட் ஆஃப்' வைத்து ஒரு சோதனை

ஓர் ஆங்கில அகராதி தேறுமா தேறாதா என்று பார்க்க, அதில் வாயில் நுழையாத பெரிய வார்த்தைகளைத் தேடிப் பயனில்லை. 'புட்', 'டேக்', 'கெட்' மாதிரி சின்ன வினைச்சொல்லோடு 'ஆஃப்', 'அப்' மாதிரி இன்னொரு சொல் ஒட்டிக்கொண்டு வரும் ஃபிரேசல் வெர்ப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும். நான் எடுத்துக்கொண்டது 'புட் ஆஃப்' (put off). லாங்மேனின் இலவச இணைய அகராதி இதில் நன்றாகவே தேறியது.

'புட்' தெரியும், 'ஆஃப்' தெரியும், ஆனால் இரண்டும் சேர்ந்தால் என்ன என்பதை ஊகிக்க முடியாது, அதுதான் இந்த வகைச் சொற்களின் சிக்கலே. வேலையைத் தள்ளிப்போடுவது என்ற பொருள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 'த ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்றால்? அந்த வாடையிலேயே வேண்டாம் என்றாகிவிட்டது என்று அர்த்தம். பந்தை அடிக்கக் குறிபார்த்துக்கொண்டிருப்பவர் 'டோன்ட் புட் மீ ஆஃப்' என்றால், பேசிப் பேசி என் கவனத்தைக் கலைக்காதே என்கிறார். கொடுத்த கடனைக் கேட்டு வருபவரிடம் சாக்குச் சொல்லி இழுத்தடிப்பதும் இதே 'புட் ஆஃப்'தான். இவை எல்லாவற்றையும் லாங்மேன் தனித்தனியாகப் பிரித்து எண் போட்டுத் தருகிறது, கவனத்தைக் கலைக்கும் பொருள் பிரிட்டிஷ் வழக்கு என்றும் பக்கத்திலேயே குறிப்பு இருக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலியில் வெறும் இரண்டு சொல்லைத் தட்டினால் பெரும்பாலும் 'தள்ளிப்போடு' என்று ஒன்று வரும், அதோடு சரி.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது விளக்கங்களின் எளிமை. 1978-ல் அச்சில் வந்த முதல் பதிப்பிலிருந்தே சுமார் 2,000 அடிப்படைச் சொற்களுக்குள் விளக்கத்தை எழுதுவது என்று வைத்திருக்கிறார்கள், அதனால் ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்கப் போய் அந்த அர்த்தத்துக்கு அர்த்தம் தேடி அலையும் தொல்லை குறைவு. எடுத்துக்காட்டு வாக்கியங்கள் பலவற்றை ஒலியாகவும் கேட்கலாம். அதைக் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் 'புட் இட் ஆஃப்' என்று சொல்லும்போது அழுத்தம் 'ஆஃப்' மேல் விழுவதை எழுத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

அப்புறம் இலக்கணம். தலைப்புச் சொல்லுக்கு நடுவே இருபக்கமும் பார்க்கும் ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள், செயப்படுபொருள் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம் என்பதுதான் அதன் பொருள். 'புட் ஆஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'இட்', 'தெம்' மாதிரிச் சொல் வந்தால் நடுவில்தான் நிற்கும், 'புட் ஆஃப் இட்' தப்பு. அந்த அம்புக்குறியைப் பார்த்து மட்டும் இது புரியாது. புதிதாகப் படிப்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான், அங்கேயே ஒரு வரி எழுதியிருக்கலாம், இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. 'புட் ஆஃப்'புக்குப் பின்னால் இன்னொரு வினைச்சொல் வந்தால் 'கோயிங்', 'டூயிங்' என்று வர வேண்டும், 'டு கோ' வராது என்பதைத் தடித்த எழுத்தில் காட்டிவிடுகிறார்கள், அதில் குழப்பமே இல்லை.

கீழே நிஜப் பேச்சிலிருந்தும் பத்திரிகைகளிலிருந்தும் திரட்டிய வாக்கியங்கள் வரும். முன்பின் தொடர்பில்லாமல் வெட்டி எடுத்தவை என்பதால் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்குத் தலை சுற்றும், அவர்கள் மேலே உள்ள எடுத்துக்காட்டுகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆங்கிலத்திலேயே விளக்கம் படிக்கிற அளவுக்கு வந்தவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். அந்த அளவு வராதவர்கள் பக்கத்தில் ஒரு தமிழ் அகராதியையும் வைத்துக்கொள்ளுங்கள். 'புட் ஆஃப்' பார்த்து முடித்த கையோடு 'கால் ஆஃப்' என்றும் தட்டிப் பாருங்கள், அது ஒத்திவைப்பது இல்லை, அடியோடு ரத்து செய்வது. இரண்டையும் மாற்றி மின்னஞ்சலில் எழுதிவிட்டால் அடுத்த வாரக் கூட்டத்துக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.