கடல் ஓசை 90.4: பாம்பன் மீனவர்களின் வானொலி

ராமேஸ்வரம் பக்கம் போனால் ரேடியோவில் 90.4 வைத்துப் பாருங்கள். 2016 முதல் பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை மீனவர்களுக்கான சமுதாய வானொலி, அதாவது ஒரு பகுதி மக்களுக்காக உள்ளூரிலேயே நடத்தும் சின்ன நிலையம். காற்றின் வேகம், அலையின் உயரம், கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதையெல்லாம் நம் வீட்டு ஆள் பேசுகிற மாதிரி சொல்கிறார்கள், நடுவில் பாட்டு, அப்புறம் கடல்வளம் பற்றிய பேச்சு. எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பேச்சுதான், எழுதிவைத்துப் படிக்கிற வாடையே இல்லை. சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட் ஒலிபரப்புத் திறன் வரைதான் அனுமதி, அதனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் சத்தம் மங்கிவிடும். 2004இல் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிய வளாக வானொலிக்கும் இதே வரம்புதான். இந்த நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் முடியாது, ஆகாசவாணி செய்தியைத்தான் போடலாம். கரையோர நிலையங்களுக்காவது இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டும்.