மிஞ்சிய சாப்பாட்டுக்கு 20 லிட்டர் ஹாட் பாக்ஸ்: ராமநாதபுரம் கரைக்கு எது தாங்கும்?

கல்யாண மண்டபத்திலும் ஹோட்டலிலும் மிஞ்சுவதை எடுத்துப் பசித்த வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் குழுக்கள் முதலில் காசு போடுவது பெரும்பாலும் இந்தப் பெட்டியில்தான். உள்ளும் வெளியும் ஸ்டீல், நடுவில் சூட்டைத் தடுக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) ஃபோம், மூடியைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் சிலிகோன் வளையமான கேஸ்கெட், பக்கங்களில் கிளிப்.

அளவைப் பொறுத்தவரை 20 லிட்டர்தான் சரி. சோறு 14, 15 கிலோ பிடிக்கும். ஆளுக்கு 400 கிராம் வைத்தால் 35 பேர் சாப்பிடலாம். சாம்பார் 18 லிட்டரோடு நிறுத்திவிட வேண்டும்; ஆளுக்கு 150 மில்லி என்றால் 120 பேருக்கு வரும். ஆக, மூன்று சோற்றுப் பெட்டிக்கு ஒரு சாம்பார் பெட்டி. பெரிதாக இருக்கட்டும் என்று 40 லிட்டர் வாங்கினால், நிரம்பிய சாம்பாரை லோடு ஆட்டோவிலிருந்து இறக்க ஆள் தேட வேண்டும். பாதி நிரப்பினாலோ சூடு சீக்கிரம் இறங்கும்.

சூட்டைக் காப்பதில் குறை சொல்ல முடியாது. ஆனால் பெட்டி சூட்டைக் காக்குமே தவிர உண்டாக்காது. முதலில் 5 லிட்டர் கொதிநீர் ஊற்றி மூடி, 15 நிமிடம் கழித்துக் கொட்டிவிட்டு உணவை நிரப்ப வேண்டும். இதைச் செய்யாவிட்டால் உள்தகடே முதல் சூட்டைக் குடித்துவிடும். உணவு 80 டிகிரிக்கு மேல் உள்ளே போய், பெட்டியும் விளிம்புவரை நிறைந்திருந்தால், ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரையுள்ள சுமார் 55 கிலோமீட்டரை நல்ல பெட்டி அநாயாசமாகத் தாண்டும். கடைக்காரர் சொல்லும் மணிக்கணக்கை நம்பாதீர்கள். கொதிநீர் நிரப்பி நான்கு மணி நேரம் கழித்துக் குத்துத் தெர்மாமீட்டரால் பாருங்கள். 65 டிகிரிக்குக் கீழே இருந்தால் திருப்பிக் கொடுங்கள். தெர்மாமீட்டரையும் ஐஸ் தண்ணீரில் 0, கொதிநீரில் 100 காட்டுகிறதா என்று முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். கடல்மட்டத்தில் இருப்பதால் நமக்கு 100 என்றால் 100தான்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது அடுத்ததில். பகல் 12 மணிப் பந்திக்கு வடித்த சோறு மூன்றரைக்கு மிஞ்சியது என்று போன் வரும். அதற்குள் அண்டாவில் 45 டிகிரிக்கு இறங்கியிருக்கும். அதை அப்படியே பெட்டியில் அடைத்தால் கிருமி வளர இதமான அறை கட்டிக்கொடுத்ததாகிவிடும். வேகவைத்தாலும் சாகாத பேசில்லஸ் செரியஸ் வித்துகள் வெதுவெதுப்பான சோற்றில் முளைத்து நஞ்சு கக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. எனவே 60 டிகிரிக்குக் கீழே எவ்வளவு நேரம் கிடந்தது என்று சமையல் மாஸ்டரிடம் கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் நடுப்பகுதி 75 டிகிரி ஏறும்வரை சூடாக்கி அடைக்கலாம். இரண்டிலிருந்து நான்கு என்றால் பெட்டியே வேண்டாம், பக்கத்துத் தெருவிலேயே உடனே பரிமாறிவிடுங்கள். நான்கைத் தாண்டினால் மாட்டுக்கு. இதைவிட நல்ல வழி, கடைசிப் பந்தி உட்காரும்போதே திறக்காத அண்டா எத்தனை என்று கேட்டு வாங்கிவிடுவது.

கீழக்கரைப் பக்கத்து விருந்தென்றால் சமைத்த பெரிய பாத்திரமான தேக்சாவில் இருப்பதை மட்டும் எடுங்கள். பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சகனில் கைபட்டது எவ்வளவு மிஞ்சினாலும் கூடாது. தேங்காய்ச் சட்னியும் தயிர்ச்சோறும் இந்தப் பெட்டிக்கு ஆகாது. சூரை, காணாங்கெளுத்தி, மத்தி போட்ட குழம்பையும் தவிர்த்துவிடுங்கள். ஐஸ் இல்லாமல் கிடந்த மீனில் ஊறும் ஹிஸ்டமின் கொதித்தாலும் அழியாது, நாக்குக்கும் தெரியாது. வடை, அப்பளத்தை மூடினால் ஆவியில் நமுத்துவிடும். கூடையில் துணி விரித்துக் கொண்டுபோகலாம்.

இந்தக் கரையில் பெட்டிக்கு எமன் உப்புதான். மலிவுப் பெட்டிகளின் கிளிப்பும் ரிவெட்டும் 202 ரகம். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய ஸ்டீல். பாம்பன், தங்கச்சிமடம் காற்றில் முதலில் துருப்பிடிப்பது அவைதான். காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. 202, அதைவிட நிக்கல் கூடிய 304 ரகம் இரண்டிலுமே ஒட்டாது. ஸ்டீல் டெஸ்ட் சொட்டு மருந்தால் பார்க்கலாம், அல்லது பில்லில் ‘304, கிளிப் உட்பட’ என்று எழுதி வாங்கலாம். கழுவும் தண்ணீரும் கெடுக்கும். உவர்ப்பான போர் தண்ணீரில் அலசிக் கவிழ்த்தால் வெள்ளைப் புள்ளி விழுந்து, அதனடியில் ஸ்டீல் ஊசிக்குத்தாய் அரிக்கும். கடைசி அலசல் காவிரிக் கூட்டுக் குடிநீரில் இருக்கட்டும். பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம்.

உழைப்பு மிகுவது சித்திரை, வைகாசியில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் கூலியை நம்பிய வீடுகளில் கை காயும் அதே நாட்களில்தான் முகூர்த்தமும் நெருக்கிக்கொண்டு வரும். அந்த வெயிலில் பெட்டிக்கு வெளியே வைத்தது எதுவும் நிற்காது.

மிஞ்சிய உணவை வாங்கிப் பகிர்வதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2019 ஒழுங்குமுறை இருக்கிறது, குழுவைப் பதிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் உணவின் பெயர், எங்கிருந்து வந்தது, சமைத்த நேரம், சைவமா அசைவமா என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள்.

இரட்டைச் சுவர் பிளாஸ்டிக் பெட்டி துருப்பிடிக்காது, விலைதான் கூடுதல். உள்ளே தட்டுத்தட்டாக வைப்பதால் இட்லி நசுங்காது. ஏர்வாடி, பெரியபட்டினம் என்று தினமும் கடலோரமாகவே ஓடும் குழுவுக்கு அதுதான் சரி. வாரம் ஒன்றிரண்டு கல்யாணத்துக்கு 304 ஸ்டீல் போதும். எதை வாங்கினாலும் மூடியில் ஆவித் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆவி குளிர்ந்ததும் மூடி உள்ளிழுத்துப் பிடித்துக்கொள்ளும். துவாரத்தைத் திறந்தால்தான் கிளம்பும். அது இல்லாத பெட்டியைக் கரண்டியால் நெம்பிக் கேஸ்கெட்டைக் கிழித்துவிடுவார்கள். கேஸ்கெட் தனியாகக் கிடைப்பது அரிது, பிரியாணி வாடையும் அதில் தங்கும். பெட்டிக்கு இரண்டு உபரி கேஸ்கெட்டை அதே பில்லில் வாங்கிவிடுங்கள். சைவப் பெட்டிக்கு வேறு, அசைவத்துக்கு வேறு.